சிங்கப்பூர் – நியூயார்க்: எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்?

சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் எத்தனை கிலோமீட்டர், விமானத்தில் எத்தனை மணி நேரம் ஆகும் என்பது கேள்வி. கூடவே ஒரு குழப்பமும் சொல்லப்பட்டிருக்கிறது: தூரம் கணக்கிட்டுச் சொல்லும் ஒரு தளம் 17 மணி நேரம் என்கிறது, டிக்கெட்டில் 18 மணி 50 நிமிடம் என்று இருக்கிறது, அண்மையில் போய்வந்த நண்பர் 18 மணி நேரத்துக்குள்ளேயே தரையிறங்கிவிட்டோம் என்கிறார், இதில் எதை நம்புவது?

மூன்றுமே சரியான எண்கள்தான். மூன்றும் வெவ்வேறு விஷயத்தைச் சொல்கின்றன, அவ்வளவுதான். பயணத்தைத் திட்டமிட உங்களுக்குத் தேவை டிக்கெட்டில் இருக்கும் எண். அது எப்படி வந்தது என்று தெரிந்துவிட்டால், உலகத்தில் எந்த இரண்டு ஊர்களுக்கு நடுவிலும் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அதனால்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் தூரம். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கு 15,349 கிலோமீட்டர், அதாவது 9,537 மைல், கடல் மைலில் 8,288. பயணிகளை ஏற்றிக்கொண்டு நடுவில் எங்கும் இறங்காமல் பறக்கும் வழக்கமான விமான சேவைகளில் இன்றைக்கு உலகிலேயே நீளமானது இதுதான். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் எஸ்க்யூ 24 என்ற எண் விமானம் போகும், எஸ்க்யூ 23 திரும்பி வரும். பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கிலோமீட்டர் என்பதால் எந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே 20,000 கிலோமீட்டருக்கு மேல் தூரம் இருக்கவே முடியாது. அந்த உச்ச அளவில் முக்கால் பங்குக்கும் மேல் ஒரே மூச்சில் தாண்டுகிறது இந்த விமானம்.

இந்த 15,349 எங்கிருந்து வருகிறது? சுவரில் மாட்டும் உலக வரைபடத்தில் ஸ்கேல் வைத்துப் பார்த்தால் வராது. வரைபடத்தில் சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் கோடு போடச் சொன்னால் ஒருவர் இந்தியா, ஐரோப்பா, அட்லாண்டிக் என்று மேற்கே போடுவார், இன்னொருவர் பசிபிக் பெருங்கடல் வழியாகக் கிழக்கே போடுவார். இரண்டும் இல்லை, உண்மையான குறுக்குவழி நேர் வடக்கே போகிறது. வீட்டில் பிள்ளைகளின் உலக உருண்டை இருந்தால் எடுத்து, ஒரு நூலின் ஒரு முனையைச் சிங்கப்பூரிலும் மறுமுனையை நியூயார்க்கிலும் வைத்து இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் தானாகவே நழுவி வடதுருவத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கும். தாய்லாந்து, லாவோஸ், சீனாவின் யுன்னான், சிச்சுவான், மங்கோலியா, சைபீரியா, பிறகு ஆர்க்டிக் பனிக்கடல், துருவத்திலிருந்து 300 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் கடந்து, கிரீன்லாந்தின் வடமேற்கு ஓரம், கனடாவின் பாஃபின் தீவு, கியூபெக், நியூயார்க். இதைத்தான் பெருவட்டப் பாதை என்கிறார்கள்.

இந்த ஜோடி ஊர்களுக்கு ஒரு அழகான வசதி இருக்கிறது. சாங்கி கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகையை ஒட்டி இருக்கிறது, கென்னடி மேற்குத் தீர்க்கரேகை 74-ஐ ஒட்டி. இரண்டையும் கூட்டினால் 178, ஏறக்குறைய 180. அதாவது துருவத்திலிருந்து பார்த்தால் இரண்டு ஊர்களும் எதிரும் புதிருமாக இருக்கின்றன. அதனால் பெரிய சூத்திரம் எதுவும் இல்லாமல் வெறும் கூட்டல் கழித்தலிலேயே தூரத்தைக் கண்டுபிடித்துவிடலாம். சிங்கப்பூரின் அட்சரேகை வடக்கு 1.36 பாகை, நியூயார்க் 40.64. கூட்டினால் சரியாக 42. சிங்கப்பூரிலிருந்து துருவம் வரை ஏறி மறுபக்கம் நியூயார்க் வரை இறங்கினால் 180-லிருந்து 42 கழித்து 138 பாகை. பூமியின் மேல் ஒரு பாகை என்பது 60 கடல் மைல், கிலோமீட்டரில் 111-க்குக் கொஞ்சம் மேல். 138-ஐ 111.12-ஆல் பெருக்கிப் பாருங்கள், 15,335 வரும். கணினி சொல்லும் 15,349-க்கும் இதற்கும் வித்தியாசம் வெறும் 14 கிலோமீட்டர். பூமி முழு உருண்டையாக இல்லாமல் துருவங்களில் லேசாகத் தட்டையாக இருப்பதால் வரும் வித்தியாசம்தான் பெரும்பாலும் அது. இப்படி எதிரும் புதிருமாக இல்லாத ஊர்களுக்கு இந்தக் குறுக்குவழி செல்லாது, அங்கே உருண்டையின் மேல் வரையும் முக்கோணத்துக்கான கோளமுக்கோண சூத்திரம் வேண்டும். ஆனால் பள்ளியில் அட்சரேகை, தீர்க்கரேகை என்று மனப்பாடம் செய்ததன் பயன் இங்கே கண்ணுக்கு முன்னால் தெரிகிறது என்பதால் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கலாம்.

சரி, தூரம் கிடைத்துவிட்டது. தூரம் கணக்கிடும் தளங்கள் அடுத்து என்ன செய்கின்றன என்றால், இந்த 15,349-ஐ 900-ஆல் வகுத்துவிடுகின்றன. பெரிய ஜெட் விமானம் மேலே போய்ச் சீராகப் பறக்கும்போது மணிக்கு ஏறத்தாழ 900 கிலோமீட்டர் வேகம் என்பது உண்மைதான். வகுத்தால் 17 மணி நேரமும் சில நிமிடங்களும். அந்தத் தளம் சொன்ன 17 இப்படித்தான் வந்தது. இந்தக் கணக்கில் காற்று அடிக்கவில்லை, விமானம் ஓடுபாதையில் வரிசையில் நிற்கவில்லை, மேலே ஏறவில்லை, கீழே இறங்கவில்லை, எந்த நாடும் தன் வான்வெளியை மூடவில்லை, எல்லாவற்றுக்கும் மேலாக விமானம் அந்த நூல் போன பாதையிலேயே பறக்கிறது. நிஜத்தில் எஸ்க்யூ 24 பெரும்பாலும் அந்தப் பாதையில் போவதே இல்லை.

பல நாட்களில் அது சாங்கியிலிருந்து கிளம்பி வடகிழக்கே திரும்பி, பிலிப்பைன்ஸ் கடல், ஜப்பானுக்குப் பக்கம், வட பசிபிக், அலாஸ்கா, கனடா என்று போகிறது. இதில் பறக்கும் தூரம் 16,500 கிலோமீட்டரைத் தாண்டும். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கூடுதலாக ஏன் சுற்றிப் போக வேண்டும்? காற்றுக்காக. பறக்கும் நேரத்தைப் புரிந்துகொள்ள வேண்டும் என்றால் எல்லாவற்றையும் விட முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதுதான்.

விமானத்தின் 900 கிலோமீட்டர் வேகம் என்பது சுற்றியிருக்கும் காற்றைப் பொறுத்த வேகம். அந்தக் காற்றே மணிக்கு 150 கிலோமீட்டரில் முன்னோக்கி ஓடிக்கொண்டிருந்தால், தரையைப் பொறுத்து விமானம் 1,050-இல் போகும். அதே காற்று முகத்துக்கு எதிரே அடித்தால் 750 தான். என்ஜின் அதே வேலையைத்தான் செய்கிறது, எரிபொருளும் மணிக்கு அதே அளவுதான் போகிறது. வித்தியாசம் மணிக்கு 300 கிலோமீட்டர். 18 மணி நேரப் பயணத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தரையிலிருந்து 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில், சரியாக விமானங்கள் பறக்கும் அடுக்கில், மேற்கிலிருந்து கிழக்கே ஒரு காற்று ஆறு ஓடுகிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்பது அதற்குப் பெயர். வெப்பமண்டலத்தின் சூடான காற்றுக்கும் துருவப் பக்கத்தின் குளிர்ந்த காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடும், பூமி சுழல்வதும் சேர்ந்து அதை உண்டாக்குகின்றன. குளிர்காலத்தில் அந்த வேறுபாடு அதிகம் என்பதால் அப்போது காற்றும் பலமாக இருக்கும். ஜப்பானுக்கு மேலே, வட பசிபிக்கில், ஜனவரி பிப்ரவரியில் அதன் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டுவது புதிதல்ல. அதை முதலில் அளந்தவரும் ஜப்பானியர்தான். வசாபுரோ ஓய்ஷி என்ற வானிலை அறிஞர் 1920-களில் ததேனோ வானிலை ஆய்வுக்கூடத்திலிருந்து பலூன்களைப் பறக்கவிட்டு, அவை மேலே போனதும் எப்படிக் கிழக்கே அடித்துக்கொண்டு போகின்றன என்று பதிவு செய்தார். உலகம் முழுவதும் படிக்கட்டும் என்று 1926-இல் அறிக்கையை, உலகத்துக்குப் பொதுமொழியாக உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோவில் வெளியிட்டார். வெளிநாட்டில் யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1944-இல் அமெரிக்காவின் பி-29 குண்டுவீச்சு விமானங்கள் ஜப்பானுக்கு மேலே போய் அந்தக் காற்றில் மாட்டிக்கொண்ட பிறகுதான் மற்றவர்களுக்கு அதன் பலம் உறைத்தது. இன்றைக்கு ஒவ்வொரு நீண்ட தூர விமானத்தின் பாதையும் அன்றன்றைய ஜெட் ஸ்ட்ரீமைப் பார்த்துத்தான், புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்னால் முடிவாகிறது.

இதற்கு ஒரு கண்கூடான உதாரணம். 2020 பிப்ரவரியில் கியாரா புயல் அட்லாண்டிக்கின் மேல் வீசிக்கொண்டிருந்தபோது, பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் போய்விட்டது. வழக்கமாக ஆறு ஆறரை மணி நேரம் பறக்க வேண்டிய தூரம். ஒரு கட்டத்தில் தரையைப் பொறுத்த வேகம் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தாண்டியது.

நம் ஊர் உதாரணம் இன்னும் நன்றாகவே புரியவைக்கும். ஏர் இந்தியாவின் டெல்லி – சான் பிரான்சிஸ்கோ விமானம் முதலில் அட்லாண்டிக் வழியாக, 13,900 கிலோமீட்டர் பறந்து போய்க்கொண்டிருந்தது. 2016 அக்டோபரில் அதைப் பசிபிக் வழியாக மாற்றினார்கள். தூரம் 15,300 கிலோமீட்டராகக் கூடியது. நேரமோ பதினாலரை மணியாகக் குறைந்தது, அதாவது பழைய வழியைவிட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் மிச்சம். 1,400 கிலோமீட்டர் அதிகமாகப் போய் இரண்டு மணி நேரம் முன்னால் சேர்வது என்பது கேட்க விநோதமாக இருக்கும், ஆனால் பின்னாலிருந்து தள்ளும் காற்று எவ்வளவு பெரிய சொத்து என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு கிடையாது.

இப்போது சிங்கப்பூர் – நியூயார்க்குக்குத் திரும்புவோம். காற்று கிழக்கே ஓடுகிறது என்றால், போகும்போது பசிபிக் வழியாகக் கிழக்கே போனால் லாபம். திரும்பி வரும்போது அதே பசிபிக் வழியாக வந்தால் எதிர்காற்று, நஷ்டம். அதனால் எஸ்க்யூ 23 பல நாட்களில் நியூயார்க்கிலிருந்தும் கிழக்கேதான் கிளம்புகிறது: அட்லாண்டிக், ஐரோப்பா, மேற்கு ஆசியா, இந்தியா, வங்காள விரிகுடா என்று சிங்கப்பூர் வந்து சேரும். போகவும் கிழக்கு, வரவும் கிழக்கு! போய்வந்த பயணி உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றிவிடுகிறார். டிக்கெட்டில் போக 18 மணி 50 நிமிடம், வர 18 மணி 40 நிமிடம் என்று இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதற்குக் காரணம் இதுதான். லண்டன் – நியூயார்க்கில் இந்த வசதி இல்லை, இரண்டு திசைக்கும் அட்லாண்டிக்கைத்தான் தாண்டியாக வேண்டும், அதனால் மேற்கே போகும்போது ஒரு மணி நேரத்துக்கும் மேல் கூடுதலாக ஆகிறது. உங்கள் டிக்கெட்டில் போகும் நேரமும் வரும் நேரமும் வேறு வேறாக இருந்தால் அச்சுப் பிழை என்று நினைக்க வேண்டாம், காற்றின் வேலை அது.

அப்புறம் இந்த 18 மணி 50 நிமிடம் என்பது எதிலிருந்து எதுவரை? விமானம் சாங்கியில் தன் இடத்தைவிட்டுப் பின்னால் நகரத் தொடங்கும் நொடியிலிருந்து, கென்னடியில் கேட்டில் போய் நிற்கும் நொடி வரை. ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, முன்னால் நிற்கும் விமானங்களுக்குப் பின்னால் காத்திருப்பது, இறங்கியபின் கேட் காலியாகும் வரை நிற்பது எல்லாம் இதற்குள் அடக்கம். கென்னடி நெரிசலான விமான நிலையம், மாலை நேரத்தில் அரை மணி நேரத்துக்கும் மேல் தரையிலேயே ஊர வேண்டியிருக்கும். இதோடு, தாமதம் என்ற பெயர் வந்துவிடக் கூடாது என்று எல்லா நிறுவனங்களும் அட்டவணையில் கொஞ்சம் தாராளமாகவே நேரம் ஒதுக்குகின்றன. உங்கள் நண்பர் சொன்ன 18 மணி நேரத்துக்குள் என்பது சக்கரம் தரையைவிட்டு எழும்பியதிலிருந்து மறுபடி தரையைத் தொட்டது வரை. காற்று நன்றாக அமைந்த நாளில் அது 18-க்குக் கீழே வருவது சகஜம். ஆக அவரும் சரி, டிக்கெட்டும் சரி.

இவ்வளவு தூரம் ஒரு விமானம் நிற்காமல் போவதே சாதாரண விஷயம் இல்லை. இதற்கு ஓடுவது ஏர்பஸ் ஏ350-900 யூஎல்ஆர், மிக நீண்ட தூரத்துக்கென்றே மாற்றி அமைக்கப்பட்ட வகை. சாதாரண ஏ350-900-இல் 1,41,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும், இதில் 1,65,000 லிட்டர். லிட்டருக்கு 0.8 கிலோ என்று வைத்தால் 132 டன். விமானம் மேலெழும்பும்போது இருக்கக்கூடிய அதிகபட்ச எடையே 280 டன்தான், ஆக முழுதாக நிரப்பினால் கிட்டத்தட்ட பாதி எடை எரிபொருள். அந்த எரிபொருளைச் சுமக்கவே எரிபொருள் செலவாகும் என்பதுதான் நீண்ட தூரப் பயணத்தின் அடிப்படைச் சிக்கல். பதினாறாவது மணி நேரத்தில் எரியப்போகும் எரிபொருளை முதல் பதினைந்து மணி நேரமும் தூக்கிக்கொண்டு பறக்க வேண்டும். அதனால் வேறு எதையாவது குறைத்தாக வேண்டும், குறைப்பது பயணிகளைத்தான். இதே நிறுவனத்தின் மற்ற நீண்ட தூர ஏ350-இல் 253 இருக்கைகள், இதில் 161 மட்டும். 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி. சாதாரண எகானமி வகுப்பே கிடையாது. டிக்கெட் ஏன் இவ்வளவு விலை என்று கேட்பவர்களுக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

கனம் அதிகம் என்பதால் எடுத்த எடுப்பில் உயரமாகவும் பறக்க முடியாது. முதலில் 30,000 அடியைக் கொஞ்சம் தாண்டிய உயரத்தில் போய், எரிபொருள் எரிந்து எடை குறையக் குறையப் படிப்படியாக ஏறி, கடைசியில் 40,000 அடியை ஒட்டிப் பறக்கும். இருக்கைக்கு முன்னால் இருக்கும் திரையில் உயரத்தைக் கவனித்துக்கொண்டே வந்தால் இந்த ஏற்றம் படிப்படியாக நடப்பதைப் பார்க்கலாம். விமானிகள் 4 பேர், இரண்டிரண்டு பேராக மாறி மாறி ஓய்வெடுத்து ஓட்டுவார்கள்.

இந்த வழித்தடத்துக்கு ஒரு முன்கதையும் உண்டு. 2004-இல் இதே நிறுவனம் ஏர்பஸ் ஏ340-500 என்ற நான்கு என்ஜின் விமானத்தை வைத்துச் சிங்கப்பூர் – நியூவார்க் (நியூயார்க்கை ஒட்டி இருக்கும் இன்னொரு விமான நிலையம்) நிற்காத சேவையைத் தொடங்கியது. பறப்பதில் குறை ஒன்றும் இல்லை, நான்கு என்ஜின் குடித்த எரிபொருள்தான் பிரச்சினை. எண்ணெய் விலை ஏறியபின் 2008-இல் 100 பிசினஸ் இருக்கைகள் மட்டும் என்று மாற்றிப் பார்த்தார்கள், அப்படியும் கட்டுப்படியாகாமல் 2013-இல் நிறுத்தினார்கள். இரண்டு என்ஜினோடு அதே தூரத்தைத் தாண்டும் ஏ350 வந்த பிறகு, 2018 அக்டோபரில் நியூவார்க்குக்கும், 2020 நவம்பரில் கென்னடிக்கும் தொடங்கினார்கள். அந்த ஐந்து வருட இடைவெளியில் பூமியும் மாறவில்லை, தூரமும் மாறவில்லை. ஒரே தூரத்தைக் கட்டுப்படியாகும் செலவில் தாண்ட முடிகிறதா என்பதுதான் மாறியது.

துருவப் பாதை ஏன் எப்போதும் கைகொடுப்பதில்லை என்பதற்குக் காற்றைத் தவிர வேறு காரணங்களும் இருக்கின்றன. நடுவழியில் ஏதாவது கோளாறு என்றால் இறங்க ஒரு விமான நிலையம் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், ஆர்க்டிக்கில் அப்படிப்பட்ட இடங்கள் குறைவு. எரிபொருள் உறைவதும் ஒரு கவலை. அமெரிக்க விமான நிலையங்களில் பெரும்பாலும் நிரப்பும் ஜெட் ஏ வகை மைனஸ் 40 டிகிரியில் உறையத் தொடங்கும், மற்ற நாடுகளின் ஜெட் ஏ-1 மைனஸ் 47 வரை தாங்கும். துருவத்துக்கு மேலே வெளிக்காற்று அதைவிடக் குளிராக இருக்கும் நாட்கள் உண்டு, அப்போது விமானிகள் உயரத்தையோ வேகத்தையோ பாதையையோ மாற்ற வேண்டிவரும்.

இன்னொன்று அரசியல். இதைத் தூரம் கணக்கிடும் எந்தத் தளமும் கணக்கில் சேர்ப்பதில்லை, ஆனால் கடந்த சில ஆண்டுகளில் பயண நேரத்தை அதிகம் மாற்றியது இதுதான். ஹெல்சின்கி – டோக்கியோ சுமார் 7,800 கிலோமீட்டர், ரஷ்யாவுக்கு மேலே பறந்து ஒன்பதரை மணி நேரத்தில் போய்க்கொண்டிருந்தார்கள். 2022-இல் ரஷ்யாவின் வான்வெளி ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மூடப்பட்டபின் பின்லாந்தின் ஃபின்ஏர் நிறுவனத்தின் விமானம் வடதுருவத்தைச் சுற்றியோ தெற்கே இறங்கியோ 13 மணி நேரம் பறக்கிறது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய நிறுவனங்களுக்கு மூடியபின், டெல்லியிலிருந்து வட அமெரிக்கா போகும் ஏர் இந்தியா விமானங்கள் சில வியன்னாவிலோ கோபன்ஹேகனிலோ இறங்கி எரிபொருள் நிரப்ப வேண்டிவந்தது. ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் நிறுவனத்தின் பெர்த் – லண்டன் சேவை 14,500 கிலோமீட்டர், 17 மணி நேரத்துக்கும் மேல். 2024-இல் ஈரான் பக்கத்து வான்வெளியைத் தவிர்க்க வேண்டிவந்தபோது போகும் விமானம் சிங்கப்பூரில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போனது, திரும்பும் விமானம் மட்டும் பின்காற்றின் தயவில் நிற்காமலே வந்தது. ஆகவே இரண்டு வருடத்துக்கு முன்னால் யாரோ எழுதிவைத்த பயண நேரத்தை நம்பி அடுத்த ஊரின் ரயிலையோ கல்யாண முகூர்த்தத்தையோ திட்டமிடாதீர்கள். நீங்கள் போகப்போகும் அதே எண் விமானம் கடந்த பத்து நாளில் எப்போது கிளம்பி எப்போது சேர்ந்தது என்று விமானங்களைப் பின்தொடரும் செயலியில் பார்த்துக்கொள்ளுங்கள். அதைவிட நம்பகமான தகவல் பொதுமக்களுக்குக் கிடைக்காது.

டிக்கெட் வாங்கும்போது ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். டைரக்ட் என்று போட்டிருந்தால் அது நிற்காமல் போகும் என்று அர்த்தமில்லை. ஒரே விமான எண்ணில், நடுவில் ஓர் ஊரில் இறங்கி ஏறிப் போனாலும் டைரக்ட்தான். இதே சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பிராங்பர்ட் வழியாகவும் கென்னடிக்கு ஒரு விமானம் இயக்கிவருகிறது. சிங்கப்பூர் – பிராங்பர்ட் சுமார் 10,300 கிலோமீட்டர், அங்கிருந்து நியூயார்க் 6,200, மொத்தம் 16,500. தூரத்தில் ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான் கூடுதல், நேரத்தில் நாலைந்து மணி நேரம் கூடிவிடும், ஏனென்றால் இறங்குவது, எரிபொருள் நிரப்புவது, மறுபடி ஏறுவது எல்லாம் தரையில் கழியும் நேரம். ஆனால் அதில் எகானமி வகுப்பு உண்டு. 18 மணி நேரம் ஒரே இருக்கையில் உட்கார முடியாது, நடுவில் இறங்கிக் கொஞ்சம் நடக்க வேண்டும் என்பவர்களுக்கும், விலையைப் பார்ப்பவர்களுக்கும் என்னுடைய யோசனை அதுதான்.

சென்னையிலிருந்து போகிறவர்களுக்கு இந்த உலக சாதனை விமானம் தேவையா? சென்னை – நியூயார்க் நேர்த்தூரம் சுமார் 13,480 கிலோமீட்டர். துபாய் வழியாகப் போனால் 2,930-ம் 11,020-ம் சேர்ந்து ஏறக்குறைய 13,950, அதாவது நேர்க்கோட்டிலிருந்து விலகல் 500 கிலோமீட்டருக்கும் குறைவு. சிங்கப்பூர் வழியாகப் போனால் முதலில் எதிர்த்திசையில் 2,900 கிலோமீட்டர் போய், பிறகு 15,349. மொத்தம் 18,200-க்கு மேல். கூடுதலாக நாலாயிரம் கிலோமீட்டர், பறப்பதில் மட்டுமே நாலைந்து மணி நேரம். சிங்கப்பூரில் உறவினர் வீட்டில் இரண்டு நாள் தங்கிப் போக வேண்டும் என்பது போல வேறு காரணம் இருந்தால் எடுக்கலாம். வயதான அப்பா அம்மாவைப் பிள்ளைகளிடம் அனுப்புவதாக இருந்தால் வளைகுடா வழிதான் நல்லது. அதில் நீளமான பாகம் சுமார் 14 மணி நேரத்தில் முடிந்துவிடும்.

கடைசியாக நேர வித்தியாசம், இதில் தடுமாறுபவர்கள் அதிகம். நியூயார்க் கோடையில் சிங்கப்பூருக்கு 12 மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் 13 மணி நேரம் பின்னால். கோடையில் ஒருவர் திங்கள் முடிந்து செவ்வாய் பிறக்கும் நள்ளிரவு 12 மணிக்குச் சாங்கியில் கிளம்புகிறார் என்று வையுங்கள். 18 மணி 50 நிமிடம் கழித்துச் சிங்கப்பூரில் செவ்வாய் மாலை 6:50, நியூயார்க்கில் செவ்வாய் காலை 6:50. கடிகாரத்தை மட்டும் பார்த்தால் ஏழு மணி நேரத்துக்குள் அமெரிக்கா போய்விட்டது போலத் தெரியும். திரும்பும்போது இதற்கு வட்டி கட்ட வேண்டும்: செவ்வாய் இரவு 10:30-க்கு நியூயார்க்கில் கிளம்பினால், அப்போது சிங்கப்பூரில் புதன் காலை 10:30, அதோடு 18 மணி 40 நிமிடம் சேர்த்தால் வியாழன் அதிகாலை 5:10. புதன்கிழமை முழுக்க விமானத்திலேயே போய்விடும். அதனால் மருத்துவர் சந்திப்பு, அலுவலகத்தில் சேரும் நாள், கூட்டிப்போக வருகிறவரிடம் சொல்லும் தேதி எல்லாவற்றையும் டிக்கெட்டில் சேரும் நேரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் +1 (மறுநாள்), +2 (அதற்கும் மறுநாள்) குறியைப் பார்த்துச் சொல்லுங்கள்.

எந்த விமான நிலையம் என்பதையும் கவனியுங்கள். நியூவார்க்குக்குத் தூரம் 15,344 கிலோமீட்டர், கென்னடியோடு ஒப்பிட்டால் 5 கிலோமீட்டர்தான் குறைவு, பறக்கும் நேரமும் ஏறக்குறைய அதேதான். ஆனால் நியூவார்க் இருப்பது நியூஜெர்சி மாநிலத்தில். போகும் வீடு அதே மாநிலத்தின் எடிசன் பக்கம் என்றால் நியூவார்க்கில் இறங்கி காரில் அரை மணி நேரத்தில் போய்விடலாம், கென்னடியில் இறங்கினால் புரூக்ளின், ஸ்டேட்டன் ஐலண்ட், இரண்டு பெரிய பாலம் என்று நகர நெரிசலைத் தாண்டி வர வேண்டும். வீடு குவீன்ஸ் அல்லது லாங் ஐலண்ட் பக்கம் என்றால் கென்னடியில் இறங்குவதே வசதி.